ஷேக் பானம் விற்காத வகுப்பாகப் பாருங்கள்

கேள்வி: நான் திருச்சிக்காரி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக டெக்சஸில், சான் அன்டோனியோவில் இருக்கிறேன். கணவர் வீட்டார் மெக்சிகோ வம்சாவளி. மாமியாருக்கு 63 வயது. சர்க்கரை, முழங்கால் வலி. கணவருக்கு 39 வயது, ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 6.1 வந்திருக்கிறது. அவருடைய அண்ணனுக்கு இரண்டு மாதம் முன்பு, 46 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். 9 வயது மகனுக்கு எடை அதிகம் என்கிறார் டாக்டர். குடும்பத்தோடு உடற்பயிற்சிக்குப் போகலாம் என்றால் மூன்று இடங்கள் இருக்கின்றன. சர்ச் ஹாலில் வாரம் மூன்று நாள் இலவச நடன வகுப்பு, பக்கத்துத் தெருவில் ஒரு 'நியூட்ரிஷன் கிளப்' நடத்தும் 21 நாள் பூட் கேம்ப் (தீவிர உடற்பயிற்சி முகாம்), கிளினிக்கில் ஒரு வருட வகுப்பு. எதில் சேர்வது? மாமியார் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். அவரிடம் பச்சை அட்டை இருக்கிறது, அடுத்த வருடம் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும். இந்த மாதிரி வகுப்பில் பெயர் கொடுத்தால் மனு தள்ளுபடியாகும் என்று ஒரு 'நோட்டாரியோ' சொன்னாராம்.

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமியார், மகன், நீங்கள், கணவர் நால்வரும் சர்ச் ஹாலுக்குப் போங்கள். கணவர் அதோடு கிளினிக் வகுப்பிலும் சேரட்டும். மைத்துனர், அதாவது கணவரின் அண்ணன், இரண்டு இடத்துக்கும் இப்போது வேண்டாம், அவருக்கு வேறு இடம் இருக்கிறது. கிளப் பக்கம் யாரும் போக வேண்டாம். நோட்டாரியோ சொன்னதை மறந்துவிடுங்கள்.

கிளப்பில் இருந்தே தொடங்குகிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். டெக்சஸில் ஸ்பானிஷ் பேசும் எந்தப் பேட்டைக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். கண்ணாடிக் கதவில் வெள்ளைத் திரை, உள்ளே ஒரு கவுன்டர், சுவரில் 'முன்பு, பின்பு' படங்கள். காலை ஆறு மணிக்கு வாகன நிறுத்தத்தில் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி நடக்கும். காசு கேட்க மாட்டார்கள். முடிந்ததும் உள்ளே கூப்பிட்டு ஒரு தேநீர், ஒரு கற்றாழைச் சாறு, அப்புறம் ஒரு ஷேக் (சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடிக்கும், பொடி கலந்த பானம்) கொடுப்பார்கள். அதற்குத்தான் காசு. பூட் கேம்ப் இலவசம், ஷேக் ஏழெட்டு டாலர். வாட்ஸ்அப் குழுவில் தினமும் எடையைப் போடச் சொல்வார்கள். 21 நாள் முடியும்போது, "உனக்கே இவ்வளவு இளைத்துவிட்டதே, நீயும் விற்கலாமே" என்று பேச்சு ஆரம்பிக்கும். அந்த இடத்தில்தான் ஆள் சிக்குகிறார். சரக்கை மொத்தமாக வாங்கி, கோமாத்ரேக்களிடம் விற்று, அவர்களையும் சேர்த்துவிட வேண்டும். (கோமாத்ரே என்றால் உங்கள் குழந்தைக்கு ஞானத்தாய், வழக்கில் உயிர்த்தோழி. அந்த உறவை வைத்துத்தான் வியாபாரம்.)

இது என் கற்பனை இல்லை. 2016இல் இப்படிப்பட்ட ஒரு பெரிய ஷேக் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் 20 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. மறு வருடம் கிட்டத்தட்ட 3,50,000 பேருக்குக் காசோலை போனது. அவ்வளவு பேர் பணத்தைப் போட்டுக் கைக்கு வராமல் உட்கார்ந்திருந்தார்கள். கிளப்புகள் மூடப்படவில்லை, விதிகள் மாறின, அவ்வளவுதான்.

உங்கள் மாமியாருக்கு அந்த ஷேக்கில் வேறு சங்கடமும் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் சாப்பாட்டுக்குப் பதில் ஒரு டம்ளர் ஷேக்கோடு காலையை முடித்தால், சில மாத்திரைகளில் பத்து மணிக்கே சர்க்கரை இறங்கிக் கண்ணைக் கட்டும். கவுன்டரில் நிற்கும் பெண்ணுக்கு இது தெரியாது. அவரும் யாரோ ஒருவரிடம் கடன்பட்டுத்தான் அங்கே நிற்கிறார், பாவம்.

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கிளப்புகளில் கூட்டம் சேர்வது ஷேக்குக்காக இல்லை. வேலைக்குப் போகும் முன் ஆறு மணிக்கு நடக்கிறது, ஸ்பானிஷில் நடக்கிறது, ஒரு நாள் வராவிட்டால் "ஏன் வரல, உடம்பு சரியில்லையா" என்று போன் வருகிறது. எங்கள் கிளினிக்குகள் எட்டரைக்குத் திறந்து ஐந்துக்கு மூடுகின்றன. போன் செய்தால் ஸ்பானிஷுக்கு 2ஐ அழுத்தச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைக்கிறார்கள். கூரை வேலைக்கும் ஹோட்டல் துப்புரவுக்கும் போகிறவர்கள் எப்போது வருவார்கள்? நாங்கள் விட்ட இடத்தில்தான் அவர்கள் கடை போட்டார்கள்.

அடுத்து நோட்டாரியோ. மெக்சிகோவில் 'நோட்டாரியோ புப்ளிகோ' என்றால் சட்டம் படித்துத் தேர்வு எழுதி வந்த பெரிய மனிதர். டெக்சஸில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சாட்சி சொல்கிறவர், அவ்வளவுதான். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்துப் பிழைப்பவர்கள் நிறைய. டெக்சஸ் சட்டப்படி ஒரு நோட்டரி தன்னை அந்த ஸ்பானிஷ் பெயரில் விளம்பரம் செய்துகொள்வதே தவறு. பலகையில் அப்படி எழுதியிருந்தால் அதுவே உங்களுக்கு அடையாளம். இவர்கள் முதலில் பயமுறுத்துவார்கள், அப்புறம் பயத்தைத் தீர்க்கக் கட்டணம் கேட்பார்கள்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் இருபது வருடமாகச் சமூக மருத்துவத்தில் இந்தப் பயத்தைப் பார்த்து வருகிறவன். 'அரசுக்குப் பாரமாவார்' என்ற சோதனை, அதாவது அரசு உதவித்தொகையை நம்பி வாழ்வாரா என்று பார்ப்பது, பச்சை அட்டை வாங்கும் கட்டத்தில் வருவது. பச்சை அட்டை வைத்திருப்பவர் குடியுரிமைக்கு மனுப் போடும்போது அந்தச் சோதனை கிடையாது. அந்த விதியை 2019இல் இறுக்கினார்கள், 2021இல் கைவிட்டார்கள், 2022இல் வேறு மாதிரி எழுதினார்கள், இழுபறி இன்னும் ஓயவில்லை. ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் வகுப்புகளில் ஆள் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். சர்ச் ஹாலில் குதித்து ஆடுவது அரசு உதவித்தொகை வாங்குவதில் சேராது. மாமியாருக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் வக்கீலிடமோ, நீதித்துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதி இருக்கும் தொண்டு நிறுவனத்திடமோ அழைத்துப் போங்கள். வகுப்புப் படிவத்தில் பெயர், அவசரத்துக்கு அழைக்க ஒரு எண், சாப்பிடும் மருந்துகள் இருந்தால் போதும். சமூகப் பாதுகாப்பு எண்ணுக்குக் கட்டம் போட்டிருந்தால், எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. பழைய படிவத்தை நகல் எடுத்திருப்பார்கள்.

சர்ச் வகுப்பை ஏன் முதலில் சொன்னேன்? லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குடும்பங்களுக்கான இதய நோய்த் தடுப்பில் அமெரிக்கா உருப்படியாகக் கையில் எடுத்த விஷயம் மருந்தோ மெஷினோ இல்லை, ஒரு ஆள். அவருக்குப் பெயர் ப்ரொமோதோரா. அதே தெருவில் குடியிருக்கும், அதே மொழி பேசும், கொஞ்சம் பயிற்சி பெற்ற ஒரு பெண். நம் ஊர் அங்கன்வாடி அக்காவையும் கிராமச் சுகாதார நர்ஸையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள், பதிவேடு எழுதும் தலைவலி மட்டும் குறைவு. தேசிய இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் 1994இல் வாஷிங்டன் பகுதியில் 'சலூத் பாரா சு கொராசோன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 'உங்கள் இதயத்துக்கு ஆரோக்கியம்' என்று பொருள். அதன் பாடநூலை எடுத்து அரிசோனா எல்லை ஊர்களில் 'பாசோஸ் அதெலாந்தே' என்று 12 வாரத் திட்டமாக்கினார்கள். அதில் பாடத்தோடு நடைக்குழுவும் சேர்ந்தது. சான் டியேகோவில் 16 தேவாலயங்களை வைத்து 'ஃபே என் அக்சியோன்' என்ற ஆய்வு நடந்தது. ப்ரொமோதோராக்கள் நடத்திய இலவச வகுப்புகள் இருந்த தேவாலயங்களில் பெண்களின் உடலுழைப்பு கூடியது. டெக்சஸிலேயே பிரவுன்ஸ்வில் ஊரில் 'து சலூத், சி குவெந்தா' என்ற இயக்கம் இலவச வகுப்புகளையும் வானொலி, தொலைக்காட்சிப் பேச்சையும் வீட்டுக்கு வரும் ப்ரொமோதோராவையும் சேர்த்தே ஓட்டுகிறது.

அதனால் உங்கள் சர்ச் வகுப்புக்குப் போனதும் ஆசிரியையின் சான்றிதழைப் பார்ப்பதை விட, அவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேளுங்கள். பத்து நிமிட தூரத்தில் இருந்தால் நல்லது. மாரடைப்பு முதலுதவி தெரியுமா என்றும் கேளுங்கள். வகுப்பு முடிந்ததும் ஏதாவது விற்கிறார்களா என்று கவனியுங்கள். அப்புறம், பணம் எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் தீர்கிறது என்று கேட்க மறக்காதீர்கள். இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். நீங்கள் கூச்சப்படாதீர்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடம் முன்பு ஒரு ஊரில் நானும் அப்படி ஒரு வகுப்பில் ஆலோசகராக இருந்தேன். மானியம் 12 வாரத்துக்கு. பதின்மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு வேன் வந்து ஸ்பீக்கர், பாய்கள், எடை மெஷின் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. அன்று மாலை வழக்கம்போல் பதினோரு பெண்கள் வந்து நின்றார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஒரு அம்மாள் சர்ச் சமையலறைக்குள் போய் தமாலே (மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டை) அவிக்கும் பெரிய அலுமினியப் பானையைத் தூக்கி வந்தார். போனில் கும்பியா பாட்டைப் போட்டு அதைப் பானைக்குள் வைத்தார். பானை அதிர்ந்து சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அவர்கள் ஆடினார்கள். எங்கள் இறுதி அறிக்கையில் 'திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது' என்று எழுதி அனுப்பினோம். நானும் கையெழுத்துப் போட்டேன். பானையைப் பற்றி எழுத அதில் கட்டம் இல்லை.

கணவர் விஷயத்துக்கு வருவோம். ஏ1சி 5.7இலிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை. அவர் 6.1. கிளினிக்கில் சொல்லும் ஒரு வருட வகுப்பு பெரும்பாலும் தேசிய நீரிழிவுத் தடுப்புத் திட்டமாக இருக்கும். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். முதல் ஆறு மாதத்தில் 16 வகுப்பாவது, அப்புறம் மாதம் ஒன்று. ஸ்பானிஷிலும் பாடம் உண்டு. இதன் வேர் 2002இல் வெளிவந்த ஆய்வு. 3,234 பேரை வைத்துச் செய்தார்கள். உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் வேகநடை என்ற இரண்டே இலக்கு. அந்தக் குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்ட குழுவில் 31 சதவீதம். சர்க்கரையைத் தள்ளிப்போட்டால் இதயத்துக்கும் நல்லது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணனுக்கு 55க்கு முன் மாரடைப்பு வந்திருப்பதால் கணவர் கொழுப்பும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே ஓட்டம், குதியலில் இறங்கட்டும். நடப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

மாமியாரை இந்தக் கிளினிக் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். இது சர்க்கரை வராதவர்களுக்கானது, அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கான தனி வகுப்பு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

ஆனால் நீங்கள் சேரலாம். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். இந்தத் திட்டத்தில் சேர பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) குறைந்தது 25 இருக்க வேண்டும். ஆசிய வம்சாவளியினருக்கு மட்டும் அது 23. நாம் ஒல்லியாகத் தெரிந்தாலும் வயிற்றில் கொழுப்புச் சேர்ந்து, குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் இந்தச் சலுகை. 1.57 மீட்டர் உயரமுள்ள பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 25 என்றால் 62 கிலோ இருக்க வேண்டும், 23 என்றால் 57 கிலோ போதும். இடையில் இருக்கும் அந்த ஐந்து கிலோவில் தமிழ்ப் பெண்கள் பலர் இருக்கிறார்கள்! வரவேற்பு மேசையில் இருப்பவர் கணினியில் 25 என்று தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஸ்லிம்தான், போங்க" என்று சிரித்து அனுப்பிவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை இப்படி மூன்று முறை அனுப்பினார்கள். நான்காம் முறை 'ஆசியர்களுக்கு 23' என்று எழுதியிருந்த தாளை அச்சடித்துக் கொண்டு போய்த்தான் சேர்ந்தார். பி.எம்.ஐ.யோடு ரத்தச் சோதனையில் சர்க்கரைக்கு முந்தைய நிலை இருக்க வேண்டும். அல்லது சர்க்கரை அபாயக் கேள்வித்தாளில் மதிப்பெண் அதிகமாக வந்திருக்க வேண்டும். அல்லது கர்ப்ப காலத்தில் உங்களுக்குச் சர்க்கரை வந்திருக்க வேண்டும். மகன் பிறந்தபோது அப்படி ஏதாவது இருந்ததா? இருந்தால் இப்போது சோதனை சரியாக இருந்தாலும் சேரலாம். இப்போது கர்ப்பமாக இருந்தால் மட்டும் முடியாது. கணவரும் நீங்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் சமையலறையில் சண்டை பாதியாகக் குறையும். (பாதி திருச்சி, பாதி மெக்சிகோவான உங்கள் மகன் பெரியவனாகி இந்தப் படிவத்தை நிரப்பும்போது எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பான் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.)

மைத்துனருக்கு இதய மறுவாழ்வுப் பயிற்சி. வழக்கமாக 36 அமர்வுகள், வாரம் இரண்டு மூன்று நாள். நெஞ்சில் கம்பி ஒட்டி இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே நடக்க வைப்பார்கள். இதற்கு இதய மருத்துவரின் சீட்டு வேண்டும். பல மருத்துவமனைகளில் அதை எழுதிக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள், மருந்துச் சீட்டை மட்டும் மறப்பதில்லை. கேட்டு வாங்குங்கள். அதை முடித்துவிட்டு அவர் சர்ச் ஹாலுக்கு வரட்டும்.

மகன் விஷயத்தில் உங்களுக்கு ஒரு எண் சொல்கிறேன்: 26. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2023இல் தந்த வழிகாட்டுதல்படி, எடை கூடிய குழந்தைக்கு மூன்று முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் குறைந்தது 26 மணி நேரம், குடும்பத்தோடு நேருக்கு நேர் வழிகாட்டல் கிடைக்க வேண்டும். டாக்டர் அறையில் பத்து நிமிடம் "ஜூஸைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பினால் அது 26 மணி நேரத்தில் எத்தனையாவது பங்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு குழந்தைகள் திட்டம் எங்கே இருக்கிறது என்று குழந்தை மருத்துவரிடமே கேளுங்கள். கிடைக்காவிட்டால், கிடைக்காமல் போகவே வாய்ப்பு அதிகம், சர்ச் வகுப்பும் வீடும்தான் அது.

அவனை எடை மெஷினில் ஏற்றாதீர்கள். நாஷ்வில் நகரப் பூங்கா மையங்களில் 610 பெற்றோர், குழந்தை ஜோடிகளை வைத்து மூன்று வருடம் ஒரு திட்டம் நடத்தினார்கள். பெரும்பாலோர் லத்தீனோ குடும்பங்கள், குழந்தைகள் மூன்று முதல் ஐந்து வயது. 2018இல் முடிவு வந்தது: குழந்தைகளின் பி.எம்.ஐ. போக்கில் வித்தியாசமே இல்லை. இதைக் காட்டி, 'பார்த்தீர்களா, வேலைக்காகாது' என்று கிளப்காரர்கள் சொல்வார்கள். ஓடி ஆடும் பிள்ளைக்கு எடை குறையாவிட்டாலும் மூச்சும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தேறும், அது மெஷினில் தெரியாது. 2017 முதல் 2020 வரையிலான கணக்கில் நாடு முழுக்க லத்தீனோ குழந்தைகளில் 26.2 சதவீதம் பேருக்கு உடல் பருமன் இருந்தது, வெள்ளையர் குழந்தைகளில் 16.6. சில மாத வகுப்பில் இந்த இடைவெளி மூடாது. நடைபாதை இல்லாத தெருவும் பள்ளியில் வெட்டப்பட்ட விளையாட்டு நேரமும் அதற்குள் இருக்கின்றன. அதற்கு உங்கள் பையனைக் குற்றவாளியாக்காதீர்கள். அவனுக்கு வேண்டியது தினமும் 60 நிமிடம் ஓடியாடுவது. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஊரில் 2011இல் தொடங்கிய 'சிக்லோவியா' நடக்கும் ஞாயிறுகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போங்கள், கார்களை நிறுத்திவிட்டுத் தெருவை மக்களுக்கு விடுவார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974இல் பிறந்த யோசனை அது.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒரே ஒரு வரி: ஞாயிறு காலை பார்பகோவா (மெதுவாக வேகவைத்த மாட்டிறைச்சி) உங்கள் ஊர் வழக்கம், அதை மாற்ற வேண்டாம், கூட வரும் பிக் ரெட் சோடாவுக்குப் பதில் மட்டும் தண்ணீர் குடியுங்கள்.

மாமியார் முதல் நாள் போகும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. இன்சுலினோ, கிளிபிசைடு, கிளிமெபிரைடு வகை மாத்திரையோ சாப்பிடுகிறார் என்றால் கைப்பையில் குளுக்கோஸ் மாத்திரை நான்கு இருக்கட்டும். ஜூஸ் பொட்டலமும் போதும். கால் நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போடச் சொல்லுங்கள். நெஞ்சில் பாரம், தாடை வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் அவசர எண் 911, வேறு யோசனையே வேண்டாம். முழங்காலுக்கு, குதிக்கும் இடத்தில் குதிக்காமல் காலை மாற்றி வைத்தால் போதும், நல்ல ஆசிரியை கேட்காமலே காட்டித் தருவார். ஆடிக்கொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கி உண்மை அளவில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அவர் சாக்ஸைக் கழற்றும்போது விரல் இடுக்கில் சிவப்போ கொப்புளமோ இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். குனிந்து பார்க்க அவருக்கு முழங்கால் விடாது.